பச்சையா இருந்தா போதுமா? மூடிய எண்ணெய்க் கிணற்று நிலத்தை நாமே அளப்போம்



காவிரிப் படுகையில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளை போட ஆரம்பித்தது 1960-களில். நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று நெல் விளைந்த ஊர்களின் பெயர்கள் அதன்பிறகு எண்ணெய் வரைபடத்திலும் ஏறின. எங்கள் காரைக்காலில், நிரவியில், ஓ.என்.ஜி.சி.யின் காவிரி அசெட் அலுவலகமே இருக்கிறது. தோண்டுவதைப் பற்றி நாம் நிறையப் பேசியாச்சு. நம்மாழ்வார் ஐயா 2013-இல் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக டெல்டா கிராமங்களில் அலைந்து, அந்த வேலைக்கு நடுவிலேயே டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் கண் மூடினார். 2015-இல் தமிழக அரசு மீத்தேன் திட்டத்துக்குத் தடை போட்டது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எல்லாம் போராடி வாங்கியதுதான்.

தோண்டி முடித்த பிறகு என்ன ஆகுது என்பதைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசவில்லை. எண்ணெய்க் கிணறு ஒன்றும் நிரந்தரம் இல்லை. சில கிணறு தோண்டும்போதே வறண்டு போகும். சில கிணறு பத்து இருபது வருஷத்தில் ஓய்ந்து போகும். சிமெண்ட் ஊற்றி அடைப்பார்கள், ரிக் கிளம்பிப் போகும், நிலம் மறுபடி உழவன் கைக்கு வரும். "சரிபண்ணிக் கொடுத்தாச்சு, பாருங்க, பச்சையாத்தானே இருக்கு" என்று ஒரு வார்த்தையும் கூடவே வரும்.

அந்தப் பச்சையை எப்படி அளப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளக்கும் கோல் நம்ம கையிலும் இருக்கணும். ஒரே ஒரு கோலை வைத்து அளந்தால் ஏமாந்துதான் போவோம்.

பழைய நிலை என்றால் எந்த நிலை?

துளையிடும் திட்டங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொடுக்கும் அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும். வேலை முடிந்ததும் கிணற்றை அடைத்து, துளையிட்ட இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அது. நல்ல நிபந்தனைதான். ஆனால் பழைய நிலை எது, அது திரும்பியதா என்று யார், எதை வைத்து, எந்த மாதத்தில் அளப்பார்கள் என்ற விவரம் உழவன் கைக்கு வருவதில்லை.

துளையிடும் இடம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சுமார் 3 ஏக்கர் வயலை எடுத்து, மேல் மண்ணை ஒதுக்கி, கிராவலும் ஜல்லியும் கொட்டி, ரோலர் விட்டு, கனத்த வண்டி நிற்கிற அளவுக்கு இறுக்குவார்கள். நடுவில் கிணற்று வாய்க்குக் கான்கிரீட் தொட்டி. ஓரத்தில் கழிவுக் குழி. இன்னொரு மூலையில் வாயு எரிக்கும் இடம். ரோட்டிலிருந்து உள்ளே வர ஒரு பாதை. கழிவுக் குழிக்கு 2005-இல் வந்த மத்திய அரசு விதி இருக்கிறது. அடியில் நீர் புகாத விரிப்பு போடணும், குழி நிரம்பினதும் மேலேயும் விரிப்பு போட்டு மூடி, அதன்மேல் அந்த இடத்து மண்ணைக் கனமாகப் பரப்பி, நீர் வழிகிற மாதிரி சரிவு வைக்கணும்.

விதிப்படி எல்லாம் சரியாகச் செய்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த 3 ஏக்கர் ஒரே நிலம் இல்லை. பாதை இருந்த இடம் இறுகிக் கிடக்கும். குழி இருந்த இடத்தில் மண்ணுக்குக் கீழே விரிப்பு கிடக்கும். ஓரம் மட்டும் பழைய வயல் மாதிரியே இருக்கும். ஒரு வயலுக்குள் நாலைந்து வயல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது இது மனசில் இல்லாவிட்டால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

வெறும் கண்ணுக்கு ஏன் தெரியாது?

நம்ம டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் எந்த மண்ணும் பச்சையாகத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் சிமெண்ட் தரை வெடிப்பிலேயே புல் முளைக்கும். அந்த மாதத்தில் போட்டோ எடுத்தால் எல்லா இடமும் சொர்க்கம்.

அடுத்து, எந்தப் பச்சை என்று பார்க்கணும். அருகும் பச்சை, கோரையும் பச்சை, சீமைக்கருவேலும் பச்சை, பார்த்தீனியமும் பச்சை. கடலோர உழவனுக்கு உமரி முளைத்தால் அது என்ன சேதி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு ஏறிய மண்ணில்தான் அது சுகமாக வளரும். எண்ணெயோடு பூமிக்குள்ளிருந்து உப்புத் தண்ணீரும் மேலே வரும். ஆகவே மூடிய கிணற்றுப் பக்கம் உமரி புதுசாக முளைத்திருந்தால், பக்கத்து வயலில் அது இல்லாமல் இருந்தால், அந்தச் செடி ஒரு சாட்சி. கோரை மட்டும் அடர்ந்து நின்றால் தண்ணீர் தேங்கி நிற்குது, மண் இறுகிப் போயிருக்குது என்று சந்தேகப்படலாம்.

மூணாவதுதான் முக்கியம். நெல் பல குறையை மூடி மறைத்துவிடும். சேற்றுழவு செய்கிற வயலில் கீழே ஒரு கெட்டித்தட்டு இருப்பது வழக்கம். அதுதான் தண்ணீரை நிறுத்துது. நெல்லுக்கு மேலாக ஓடுகிற சல்லிவேர் போதும். அதனால் ரோலர் இறுக்கிய மண்ணிலும் நெல் ஓரளவு வந்துவிடும். அதே இடத்தில் சம்பா அறுத்து உளுந்து தெளித்துப் பாருங்கள். கோடையில் பருத்தி போட்டுப் பாருங்கள். ஆணிவேர் கீழே இறங்க முடியாமல் வளைந்து நிற்கும். செடி குட்டையாகி, பங்குனி வெயிலில் மதியத்துக்குள் வாடும். காரைக்காலில் நெல்லுக்குப் பின்னால் உளுந்து, பயறு, பருத்திதான் நமக்குக் கைக்காசு. நெல் மகசூலை மட்டும் பார்த்து "நிலம் திரும்பிடுச்சு" என்று கையெழுத்து போட்டால் அந்தக் கைக்காசு போச்சு.

அளக்கும் முறைகள்: எது எதுக்கு உதவும்?

செடிகொடியை அளக்க உலகம் முழுக்கப் பல முறை இருக்கு. பெயர்தான் பெரிசு, செய்வது எளிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு ஓட்டை.

முதலாவது, கண் மதிப்பு. நடந்துபோய் "முக்கால்வாசி மூடியிருக்கு" என்று சொல்வது. இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி அமெரிக்காவில் டாபன்மயர் என்பவர் 1959-இல் ஒரு முறை கொடுத்தார். 20-க்கு 50 சென்டிமீட்டர் சட்டத்தைத் தரையில் வைத்து, அதுக்குள் ஒவ்வொரு செடியும் எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஆறு படிகளில் ஒன்றைக் குறிப்பது: 5 சதவீதம் வரை, 5 முதல் 25, 25 முதல் 50, 50 முதல் 75, 75 முதல் 95, அதுக்கு மேல். சட்டம் சின்னது, வேலை வேகம். குறை என்னவென்றால் அளப்பது கண்தான். ஆளுக்கு ஆள் மாறும்.

என் வயல் ஓரத்தில் ரோடு வேலைக்காக ஒரு ஒப்பந்ததாரர் ஜல்லி கொட்டி, அள்ளிக்கொண்டு போன துண்டு ஒன்று இருக்கு. வண்டி ஏறி ஏறி இறுகின மண். இந்த முறைகளைப் பழகிப் பார்க்க அந்தத் துண்டைத்தான் எடுத்துக்கொண்டோம். மூணு பேர் ஒரே இடத்தைப் பார்த்தோம். ஒருவர் முக்கால்வாசி மூடியிருக்கு என்றார், இன்னொருவர் பாதிகூட இல்லை என்றார். ரெண்டு பேருமே அனுபவசாலி உழவர்கள்தான். கண் மதிப்பை வைத்து ஒரு நிறுவனத்தோடு வாதாடினால், அவங்க ஆள் சொல்வது ஒன்று, நாம் சொல்வது ஒன்று என்று முடிந்துவிடும்.

இரண்டாவது, சதுரச் சட்டம் வைத்து எண்ணுவது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம், மூங்கில் பிளாச்சில் கட்டிக்கலாம். ஒற்றை நாற்று நடவு செய்தவர்களுக்கு இது பழக்கம். 25-க்கு 25 சென்டிமீட்டர் நட்டால் சதுர மீட்டருக்கு 16 குத்து வரணும். எத்தனை குத்து பிழைத்தது, குத்துக்கு எத்தனை தூர், எத்தனை கதிர் என்று எண்ணலாம். உளுந்து முளைப்பு எண்ணவும் இதுதான் சரி. ஆனால் அருகு மாதிரி படர்கிற புல்லில் ஒரு செடி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாது. அங்கே எண்ணிக்கை கைகொடுக்காது.

மூணாவது, கயிறும் கம்பியும். 50 மீட்டர் கயிற்றை நேராக இழுத்துக் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மெல்லிய கம்பியை நேராகக் கீழே விடணும். கம்பி நுனி எதைத் தொட்டது? நெல்லா, அருகா, சருகா, ஜல்லியா, வெறும் மண்ணா? குறிக்க வேண்டியது அவ்வளவுதான். 50 மீட்டரில் 100 புள்ளி, ஆகவே எண்ணிக்கையே சதவீதம். 23 முடிச்சில் வெறும் மண் என்றால் 23 சதவீதம் வெட்டவெளி. இதுக்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம். நியூசிலாந்தில் லெவி, மேடன் என்ற ரெண்டு பேர் 1933-இல் மேய்ச்சல் நிலத்துக்குச் சொன்ன புள்ளி முறையின் வழிவந்தது இது. இன்றைக்கு அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறை தன் மேய்ச்சல் நிலங்களைக் கண்காணிக்க இந்தக் கயிற்றுப் புள்ளியைத்தான் பயன்படுத்துது.

எங்கள் ஜல்லித் துண்டில் மூணு பேரும் தனித்தனியாக இதைச் செய்தபோது கணக்கு ஏறக்குறைய ஒத்துவந்தது. கம்பி தொட்டதா இல்லையா என்பதில் அபிப்பிராயத்துக்கு அதிக இடம் இல்லை. எதிராளியின் ஆளையும் கூட நிறுத்தி அளக்கக்கூடிய முறை இதுதான். ஓட்டை என்னவென்றால், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற செடி தப்பிவிடும். ரெண்டே ரெண்டு உமரிச் செடி இருந்தால் 100 முடிச்சில் ஒன்றிலும் படாமல் போகலாம்.

நாலாவது, கயிற்றின் மேல் விழுகிற தழையை அளப்பது. கான்ஃபீல்ட் என்பவர் 1941-இல் சொன்னது. கயிற்றுக்கு மேலே ஒவ்வொரு புதரும் எத்தனை மீட்டர் தூரத்தை மறைக்கிறது என்று கூட்டணும். சீமைக்கருவேல் புகுந்த தரிசுக்கு இது நல்லது. நெல்லுக்கும் உளுந்துக்கும் தேவையில்லை.

ஐந்தாவது, சும்மா நடந்துபோய்ப் பெயர் எழுதுவது. நிலம் முழுக்கச் சுற்றி, கண்ணில் பட்ட ஒவ்வொரு செடியின் பெயரையும் பட்டியல் போடணும். இதில் அளவு வராது. ஆனால் கயிற்றில் தப்பிய உமரியும் பார்த்தீனியமும் இதில் மாட்டும். இந்த வேலைக்குப் பட்டம் படித்தவரைவிட, ஐம்பது வருஷம் களை பறித்த நம்ம ஊர் பெண்களே பெரிய நிபுணர்கள். குப்பைமேனியா, சாரணையா, கரிசலாங்கண்ணியா என்று அவர்கள் முளையிலேயே சொல்லிடுவாங்க.

ஆறாவது, அறுத்து எடை போடுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏன்னா இதில் நம்ம நாட்டுக்கே ஒரு பெரிய பாடம் இருக்கு.

சட்டத்தின் அளவில் இருக்கிற சூட்சுமம்

பயிர்க் காப்பீட்டுக்காக நம்ம ஊரில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெல்லுக்கு 5-க்கு 5 மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர் அளந்து கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். ஏன் 5 மீட்டர்? ஒரு மீட்டர் வைத்தால் வேலை சுருக்கமாக முடியுமே?

1940-களில் இதே கேள்வியில் இந்தியாவின் ரெண்டு பெரிய புள்ளியியல் அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். வங்காளத்தில் மகலனோபிஸ் சின்னச் சின்ன வட்டங்களாக அறுத்து மதிப்பிட்டார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்த சுகாத்மே பெரிய துண்டுதான் வேண்டும் என்றார். சின்னத் துண்டில் அறுத்தால் மகசூல் கூடுதலாகத் தெரிகிறது என்பது அவர் சோதனைகளில் வந்த முடிவு. காரணம் நமக்குச் சுலபமாகப் புரியும். எல்லைக் கயிற்றில் நிற்கிற குத்து உள்ளே சேர்ந்ததா, வெளியே சேர்ந்ததா என்ற சந்தேகம் வரும்போது கை தானாக உள்ளே இழுத்துக்கும். ஒரு மீட்டர் சட்டத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4 மீட்டர் எல்லை. 5 மீட்டர் சட்டத்துக்கு எல்லை மொத்தம் 20 மீட்டர், பரப்பு 25 சதுர மீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு முக்கால் மீட்டருக்குச் சற்று மேல்தான் எல்லை. தப்பு நடக்கிற இடம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

25 சதுர மீட்டரில் 1 கிலோ கூடிவிட்டால் ஹெக்டேருக்கு 400 கிலோ, ஏக்கருக்கு 160 கிலோவுக்கு மேல் கூடினதாகக் கணக்கு வரும். காப்பீட்டில் அந்த ஒரு கிலோவால் இழப்பீடே இல்லாமல் போனதாக எத்தனை ஊரில் புலம்பல் கேட்டிருக்கோம்! மூடிய கிணற்று நிலத்திலும் இதே கதைதான். "பக்கத்து வயலுக்குச் சமமாக விளையுது" என்று ஒருவர் சொன்னால் உழவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை சதுர மீட்டர் அறுத்தீங்க? ரெண்டாவது கேள்வி: அந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தாங்க?

எங்கே, எப்போது, எத்தனை?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நிலம் 3 ஏக்கர், அதாவது 300 சென்ட். கழிவுக் குழி இருந்த இடம் 20 சென்ட் என்று வைப்போம். அந்த 20 சென்டில் ஒரு புல்கூட முளைக்கவில்லை, மற்ற இடமெல்லாம் பிரமாதம் என்றாலும் மொத்தச் சராசரி 93 சதவீதம் காட்டும். காகிதத்தில் நல்ல மதிப்பெண். ஆனால் அந்த 20 சென்டுதான் ஒருவரின் பங்கு நிலம் என்றால் அவருக்கு மதிப்பெண் பூஜ்யம். அதனால்தான் நிலத்தை முதலில் பிரிக்கணும் என்கிறேன். கிணற்று வாய், குழி, பாதை, வண்டி நின்ற இடம், ஓரம் என்று பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, தனியாக எழுதணும். மொத்தச் சராசரியை மட்டும் யார் நீட்டினாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அளக்கிற இடத்தைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். நீளத்தில் எத்தனை காலடி, அகலத்தில் எத்தனை காலடி என்று சீட்டு எழுதிக் குலுக்கி எடுத்தால் போதும். வளையத்தைத் தூக்கி எறிவது சரிவராது. முள் இருக்கும் பக்கம் யாரும் எறியமாட்டாங்க.

எதோடு ஒப்பிடுவது? தோண்டுவதற்கு முந்தைய அளவு இருந்தால் அதுதான் தங்கம். இல்லாவிட்டால் ஒட்டியே இருக்கிற, கிராவல் படாத வயல். அதே ரகம், அதே நடவு நாள், அதே தண்ணீர், முடிந்தால் அதே உழவரின் கை. ரெண்டையும் ஒரே நாளில், அதே ஆட்கள் அளக்கணும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1963-லிருந்தே இதுக்குச் சட்டம் இருக்கு. கிணற்று நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் நில அமைப்பு, மண், செடிகொடி மூன்றையும் ஒட்டிய நிலத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால்தான் சீரமைப்புச் சான்றிதழ். விளைநிலத்துக்கு ஒரு அளவுகோல், புல்வெளிக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என்று 2010-இல் தனித்தனியாக வகுத்தாங்க. சான்றிதழ் வாங்கிய பிறகும் மேல்மண் சீரமைப்பில் குறை தெரிந்தால் 25 வருஷத்துக்கு நிறுவனம்தான் பொறுப்பு. அங்கேயும் கைவிடப்பட்ட கிணறுகள் ஏராளம், அது வேறு கதை. ஆனால் "எதை வைத்து அளப்பது" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்கு. நமக்கு அதுகூட இல்லை.

எப்போது அளப்பது? குறைந்தது ரெண்டு முறை. சம்பா கதிர் முற்றும்போது ஒருமுறை, பங்குனி சித்திரையில் உளுந்து, பருத்தி நிற்கும்போது ஒருமுறை. ஒரு வருஷம் போதாது. நல்ல மழை வருஷம் உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். வறண்ட வருஷம் அதையே மேலே கொண்டுவரும். இரண்டு வகை வருஷத்தையும் பார்த்த கணக்குக்குத்தான் மதிப்பு.

எத்தனை இடம்? ஒவ்வொரு இடம் அளந்ததும் அதுவரைக்குமான சராசரியைப் போட்டுக்கொண்டே வாங்க. மூணாவது, நாலாவது இடத்தில் சராசரி குதிக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பெரிசாக அசையாது. அசையாமல் நின்றால் போதும் என்று அர்த்தம். குதித்துக்கொண்டே இருந்தால் இன்னும் அளக்கணும், இல்லை நிலத்தைச் சரியாகப் பிரிக்கவில்லை.

என் யோசனை

எனக்குச் சரியென்று படுவது இந்த நாலும் சேர்ந்த கூட்டு.

ஒவ்வொரு பகுதியிலும் கயிற்றுப் புள்ளி. வெட்டவெளி எவ்வளவு, பயிர் எவ்வளவு, களை எவ்வளவு என்பதுக்கு இதுதான் முதுகெலும்பு. குழியும் கிணற்று வாயும் சின்ன இடம் என்பதால் அங்கே 10 மீட்டர் கயிறாக ஐந்து போட்டால் அதே 100 புள்ளி வந்துவிடும்.

நெல்லுக்கும் உளுந்துக்கும் சதுரச் சட்டத்தில் எண்ணிக்கை. குத்து, தூர், கதிர். உளுந்தில் செடி, காய்.

அறுவடையில் 5-க்கு 5 மீட்டர் துண்டு, கிணற்று நிலத்திலும் ஒட்டிய வயலிலும்.

கடைசியாக, களை பறிக்கும் பெண்களோடு ஒரு முழுச் சுற்று நடந்து பெயர்ப் பட்டியல்.

இதோடு ஒரு மண்வெட்டியும் எடுத்துக்குங்க. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு அடி ஆழம் வெட்டி, வேர் எங்கே திரும்புகிறது என்று பார்த்து எழுதணும். மண் மாதிரி எடுத்து மின் கடத்தும் திறன் பார்க்கக் கொடுக்கணும். அது 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர் நிலம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. எண்ணெய்க் கசடு, கன உலோகம் எல்லாம் செடியைப் பார்த்துத் தெரியாது, அதுக்கு ஆய்வகம்தான். செடிக் கணக்கு நமக்கு எந்த இடத்தில் மண் எடுக்கணும் என்று விரல் நீட்டிக் காட்டும். கண்ட இடத்தில் மண் எடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

நாலு பேர் சேர்ந்தால் 3 ஏக்கருக்கு இந்த வேலை ரெண்டு நாள். செலவு கயிறு, மூங்கில், நோட்டு, தராசு, மதியச் சாப்பாடு. எங்கள் பக்கம் செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கு, மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது நல்ல களப்பாடம். அவர்கள் கையெழுத்தும் நோட்டில் இருந்தால் கணக்குக்குக் கனம் கூடும்.

கேட்கப்படும் மூணு கேள்வி

"டிரோன் இருக்கு, செயற்கைக்கோள் படம் இருக்கு, கயிறு எதுக்கு?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் எங்கே பச்சை குறைவு என்று தெரியும், அது உண்மையிலேயே உதவிதான். ஆனால் மேலிருந்து நெல்லும் பச்சை, ஆகாயத்தாமரையும் பச்சை. எந்தப் பச்சை என்று சொல்லத் தரையில் ஒரு ஆள் நிற்கணும். படத்தை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்க, முடிவைக் கம்பி சொல்லட்டும்.

"நாமே அளந்தால் அதிகாரி ஒத்துக்கொள்வாரா?" ஒரு நாள் போய் அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளமாட்டார். தேதி, இடம், சீட்டில் வந்த எண், முடிச்சு முடிச்சாகப் பதிவு, ஒட்டிய வயல் கணக்கு, மூணு வருஷ நோட்டு என்று வைத்தால் அதை மறுக்க அவர்களும் அதேபோல அளந்து காட்டணும். அங்கேதான் நமக்கு வேலை ஆகும்.

மூணாவது கேள்வி நம்ம இயக்கத் தோழர்கள் கேட்பது, அதில் நியாயம் இருக்கு. "தோண்டவே கூடாதுங்கறோம். சீரமைப்பு பற்றிப் பேசினால், சரிபண்ணிக் கொடுத்தால் தோண்டலாம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" நான் அப்படி நினைக்கவில்லை. 2020 சட்டம் புதுக் கிணற்றைத்தான் தடுக்குது. ஏற்கெனவே இயங்கிய கிணறுகளை அது தொடவில்லை. அவை ஒவ்வொன்றாக ஓயத்தான் போகுது. அந்த நிலமெல்லாம் நம்ம ஆட்களுடைய நிலம். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து எண்ணெய் வயலில் ஓடியதைப் பார்த்தோம். அப்படிக் கசிந்த வயலும் இந்தக் கணக்கில் சேரும். பழைய நிலை திரும்ப எத்தனை வருஷம் ஆகுது, எந்த இடத்தில் திரும்பவே இல்லை என்று நம்ம நோட்டில் இருந்தால், "தோண்டி முடித்துப் பழையபடி கொடுத்துடுவோம்" என்ற வாக்குறுதியை நாளைக்கு எந்தக் கூட்டத்திலும் எண்களோடு எதிர்கொள்ளலாம். தோண்டாதே என்ற குரலுக்கு இந்தக் கணக்கு பலம் சேர்க்கும்.

காரைக்காலுக்குத் தனியாக ஒரு வார்த்தை

எங்கள் சுரக்குடி டெல்டாவின் மண்தான், காவிரித் தண்ணீர்தான், நாகையும் மயிலாடுதுறையும் கூப்பிடு தூரம்தான். ஆனால் நாங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பு, இந்தப் பக்கம் இல்லை. மண்ணுக்கு அடியில் ஓடும் தண்ணீருக்கு இந்த வரப்பு தெரியாது. புதுச்சேரி சட்டமன்றம் காரைக்காலுக்கும் அதேபோல ஒரு சட்டம் இயற்றணும் என்பது எங்கள் கோரிக்கை. 2020 ஜனவரியில் மத்திய அரசு, நிலத்தில் நடக்கும் எண்ணெய், எரிவாயு ஆய்வுத் துளைகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று விதியை மாற்றிவிட்டது. கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் வாய்ப்பே சுருங்கிப் போன நேரத்தில், எழுதி வைத்த கணக்கு ஒன்றுதான் நமக்காகப் பேசும்.

அதனால் மூன்று விஷயம் கேட்கணும் என்கிறேன். நிலம் எடுக்கும் ஒப்பந்தத்திலேயே, எடுப்பதற்கு முன் செடிகொடிக் கணக்கும் மண் கணக்கும் எடுத்து ஒரு பிரதி உழவருக்குக் கொடுக்கணும். திருப்பிக் கொடுக்கும்போது பகுதி பகுதியாக, ஒட்டிய வயலோடு ஒப்பிட்டு, நெல்லிலும் கோடைப் பயிரிலும் அளந்து காட்டணும். அளக்கும்போது உழவரும் கொம்யூன் பஞ்சாயத்தும் கூட நிற்கணும், கையெழுத்து அதுக்குப் பிறகுதான்.

இதுக்கெல்லாம் காத்திருக்காமல் இப்பவே ஒன்று செய்யலாம். துளை ஏதும் விழாத உங்கள் நல்ல வயலை இந்த சம்பாவிலேயே கயிறு கட்டி அளந்து வையுங்கள். 100 முடிச்சு, ஒரு 5 மீட்டர் துண்டு அறுவடை, ஒரு களைப் பட்டியல், தேதி, ரெண்டு சாட்சிக் கையெழுத்து. நாளைக்குக் கிணறே வராவிட்டாலும், உங்கள் இயற்கை வேளாண்மையில் வருஷத்துக்கு வருஷம் மண் எப்படி மாறுது என்று காட்டும் கணக்காக அது இருக்கும். வந்துவிட்டால், பழைய நிலை என்றால் எது என்ற கேள்விக்குப் பதில் உங்கள் பெட்டியில் இருக்கும்.